கத்தரி நழுவிய பிறகு

பிப்ரவரி 9

பட்டாசுக்கு,

உங்க அண்ணன் உனக்கு வச்ச பேர். வேற எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியலை. நாம பேசி மூணு வருஷம் ஆச்சு.

கவரைப் பார்த்ததும் என் கையெழுத்துன்னு கண்டுபிடிச்சிருப்பே. கிழிச்சுப் போடணும்னு தோணியிருந்தாலும் போட்டிருக்க மாட்டே. தபால் பிரிக்கிற இடத்துல இருபத்தஞ்சு வருஷமா வேலை பார்க்கிறவ, வந்த கடிதத்தைப் படிக்காம வீசுவியா? அந்தத் தைரியத்துலதான் எழுதறேன். போன் பண்ணினா நீ எடுக்க மாட்டே. எடுத்தாலும் ரெண்டாவது நிமிஷம் சண்டையில போய் நிக்கும்.

விஷயம் இதுதான். போன மாசம் கம்பெனியில துணி வெட்டிக்கிட்டிருந்தேன். ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர், சாம்பல் கலர். கையில இருந்த பெரிய கத்தரி நழுவிக் கீழே விழுந்துச்சு. எடுக்கலாம்னு குனிஞ்சா வலது கை வரலை. பக்கத்துல யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரியும், அவங்க கை என் தோள்ல தொங்கற மாதிரியும் இருந்துச்சு. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின்ல இருக்கிற பொண்ணுகிட்ட "கையைப் பாரு"ன்னு சொல்றேன், வாயில இருந்து கொழகொழன்னு என்னமோ வருது. நான் விளையாடறேன்னு நினைச்சு அவ சிரிச்சா. அப்புறம் என் முகத்தைப் பார்த்துட்டுக் கத்தினா.

மொத்தம் இருபது நிமிஷம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கையும் வந்துடுச்சு, பேச்சும் வந்துடுச்சு. டாக்டரம்மா என்னைத் திட்டலை. "பக்கவாதம் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போயிருக்கு"ன்னாங்க. எடை எண்பத்தி நாலு கிலோ. பிரஷர் எவ்வளவுன்னு எழுதினா உனக்குத் தலை சுத்தும்.

இதைச் சொல்றதுக்காக எழுதலை. "குடும்பத்துல யாருக்காவது நெஞ்சுவலி வந்திருக்கா?"ன்னு கேட்டாங்க. நான் பாட்டுக்கு, "மாமனார் அம்பத்தொரு வயசுல, வீட்டுக்காரர் அம்பத்திமூணுல"ன்னு சொல்லிட்டேன். "அது உங்க ரத்தம் இல்லையேம்மா"ன்னாங்க. "ஆமா, ஆனா அதே ரத்தம் இன்னொருத்திகிட்ட இருக்கு"ன்னேன். "அப்ப அவங்களை உடனே வந்து பார்க்கச் சொல்லுங்க"ன்னாங்க.

சொல்லிட்டேன். உனக்கு நாற்பத்தொம்பது ஆகுது. போய் ஒரு தடவை நெஞ்சைக் காட்டிட்டு வா. பதில் போடணும்னு கட்டாயம் இல்லை.

அண்ணி

❖

பிப்ரவரி 21

கடிதம் கிடைத்தது. உங்களுக்கு இப்படி ஆனதைக் கேட்டு வருத்தப்பட்டேன். மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிடவும்.

என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தினமும் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை.

தபால் குறியீட்டு எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றி எழுதியிருக்கிறீர்கள். கடிதம் வேறு ஊர் மூட்டையில் விழுந்திருந்தது. என் கண்ணில் பட்டதால் தப்பித்தது.

❖

மார்ச் 18

பட்டாசு,

ஒன்பது வரி. எண்ணிப் பார்த்தேன். பரவாயில்லை, ஒன்பது வரியும் உன் கையெழுத்து.

நீ கேட்கலை, ஆனாலும் சொல்றேன். எனக்குச் சொல்றதுக்கு ஆள் வேணும். கம்பெனியில எல்லாரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பார்க்கிறாங்க. துணி உருளையைத் தூக்கப் போனா நாலு பேர் ஓடி வர்றாங்க.

டாக்டரம்மா நடக்கச் சொன்னாங்க. பூங்காவுல ஒரு மகளிர் நடைக்குழு இருக்கு, சேர்ந்தேன். முதல் சுற்றுல ஒருத்தருக்கு மூட்டு, ரெண்டாவது சுற்றுல ஒருத்தருக்குப் பித்தப்பை. நாலு நாள்ல என் வியாதியோட அவங்க வியாதியும் சேர்ந்து வீட்டுக்கு வந்துச்சு. இப்ப தனியா நடக்கறேன். முதல் வாரம் பஸ் நிறுத்தம் வரைக்கும் போறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு. இப்ப அதைத் தாண்டி, மரக்கடை வரைக்கும் போய்த் திரும்பறேன்.

கைக்கு நுணுக்கமா வேலை கொடுங்கன்னும் சொன்னாங்க. நூலகத்து மாடியில ஓவிய வகுப்புக்குப் போனேன். மேசையில ஒரு கோப்பையை வச்சு வரையச் சொன்னார் மாஸ்டர். ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து வரைஞ்சேன். வந்து பார்த்துட்டு, "ஆமை நல்லா வந்திருக்கு"ன்னார். அதோட அந்த வகுப்புக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் நீச்சல். சிரிக்காதே. சாயங்காலம் நாலு டு அஞ்சு பெண்களுக்கு மட்டும். அம்பத்திரண்டு வயசுல நீச்சல் உடுப்பைப் போட்டுக்கிட்டு அறையில இருந்து வெளியே வர்றதுக்கே எனக்குக் கால் மணி நேரம் ஆச்சு. வெளியே வந்தா ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கலை. கொஞ்சம் ஏமாற்றமாத்தான் இருந்துச்சு.

பத்து நாள் ஓரத்துக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். சொல்லிக் கொடுக்கிறவ சின்னப் பொண்ணு, "விடுங்கம்மா, விடுங்கம்மா"ன்னு தொண்டை கட்டற வரைக்கும் கத்தினா. பதினோராவது நாள், ஏன்னு தெரியலை, விட்டுட்டேன். தண்ணி என்னை அப்படியே தூக்கிப் பிடிச்சுது. எண்பத்தி நாலு கிலோவும் எங்கே போச்சுன்னே தெரியலை. மேலே தகரக் கூரை, அதுல ஒரு ஓட்டை, அது வழியா வெளிச்சம். காதுக்குள்ள சத்தமே இல்லை. உங்க அண்ணன் போனதுக்கு அப்புறம் முதல் தடவையா என் உடம்பை நான் சுமக்காம இருந்தேன்.

நெஞ்சைக் காட்டினியா?

அண்ணி

❖

ஏப்ரல் 3

அண்ணி,

ஆமையைப் படித்தபோது டீ நேரம். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் பிரிவில் பார்சல் தாத்தா என்று ஒருவர் இருக்கிறார், பத்து வருடத்தில் நான் சிரித்து அவர் பார்த்ததில்லையாம். "யாரும்மா எழுதினது?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் கம்பியை விட்ட இடத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கு வராது அந்தத் தைரியம். நான் எதையும் பிடித்தால் பிடித்ததுதான், உங்களுக்கே தெரியும்.

உங்களைப் பற்றி நினைத்துப் பார்த்தேன். கல்யாணமாகி வந்த புதிதில் தெரு முனைக் கடைக்குக்கூட அண்ணன் துணையில்லாமல் போக மாட்டீர்கள். இப்போது தண்ணீரில் மிதக்கிறீர்கள். அண்ணன் இருந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பார்.

கேட்டதற்குப் பதில்: காட்டவில்லை. எங்கள் பிரிவு இரண்டாவது மாடிக்கு மாறிவிட்டது. ஏறி முடிக்கும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும், நெஞ்சுக்கு நடுவில் பிடித்த மாதிரி இருக்கும். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். கேஸ்தான்.

அண்ணன் போன அந்த நாளைப் பற்றி மட்டும் நாம் பேச வேண்டாம். மற்றது எல்லாம் எழுதுங்கள்.

❖

ஏப்ரல் 9

பட்டாசு,

இந்தக் கடிதத்தைக் கோபத்துல எழுதறேன். கையெழுத்து கோணலா இருந்தா அதுக்குக் கை காரணம் இல்லை.

'கேஸ்'ங்கிற வார்த்தையை இனிமே எனக்கு எழுதாதே.

நீ பேச வேண்டாம்னாலும் நான் பேசத்தான் போறேன். அன்னிக்குக் காலையில ஏழு மணி. வேலைக்குக் கிளம்பி, ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிஞ்சார். "கேஸ் மாதிரி இருக்கு, கொஞ்சம் சுடுதண்ணி கொடு"ன்னார். அடுப்புல வச்சேன். தண்ணி கொதிக்கிறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. ஒரு கால்ல கயிறு கட்டியிருந்தார், இன்னொண்ணுல கட்டலை.

அதே வார்த்தையை நீயும் எழுதறே. மாடி ஏறினா நெஞ்சுக்கு நடுவுல பிடிக்குது, நின்னா சரியாகுதுன்னு எழுதறே. நான் துணி வெட்டறவ, டாக்டர் இல்லை. எனக்கே தெரியுது.

உன்னைக் கெஞ்ச மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்றேன். எனக்கு அன்னிக்கு ஓவர்லாக் பொண்ணு இருந்தா, பார்த்துக் கத்தினா. நீ தனியா இருக்கே. உன்னைப் பார்த்துக் கத்த யார் இருக்கா?

நீச்சல் குளம் பழுதுபார்க்க மூடியாச்சு. பக்கத்து ஹால்ல டேபிள் டென்னிஸ் ஆடறாங்க. சும்மா எட்டிப் பார்த்தேன், மட்டையைக் கையில கொடுத்துட்டாங்க. அதைப் பத்தி எழுத இப்ப மனசு இல்லை.

அண்ணி

❖

ஏப்ரல் 27

அண்ணி,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இருக்கு. நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். இனிமே எழுத்துத் தமிழும் வேண்டாம், நேர்ல பேசற மாதிரியே எழுதறேன்.

அண்ணன் போன அன்னிக்கு, சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடி உங்களைப் பார்த்து நான் கத்தினேன். "நெஞ்சு வலின்னு சொன்ன மனுஷனுக்குச் சுடுதண்ணி வச்சியே, நீதான் எங்க அண்ணனைக் கொன்னே"ன்னு கத்தினேன். 'நீ'ன்னு சொன்னேன். உங்களை வாழ்க்கையில ஒரு தடவைதான் 'நீ'ன்னு சொல்லியிருக்கேன்.

அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் எனக்கு போன் பண்ணினார். "மாடி ஏறினா நெஞ்சைப் பிடிக்குது பட்டாசு, ஒரு மாதிரி இருக்கு"ன்னார். மூட்டை மூட்டையா தபால் வந்து கிடந்த நேரம். ஒரு காதுல போன், ரெண்டு கையிலயும் கடிதம். "கேஸா இருக்கும்ணே, சுடுதண்ணி குடிச்சுட்டுப் படு. நான் அப்புறம் பேசறேன்"னேன். அப்புறம் பேசலை.

மறுநாள் நீங்க அழுதுக்கிட்டே, "கேஸ்னுதான் சொன்னார், சுடுதண்ணிதான் கேட்டார்"னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தீங்க. அது யார் வார்த்தைன்னு எனக்குத் தெரியும். எங்கே அது என் வாயில இருந்து வெளியே வந்துடுமோன்னு பயந்துதான் அவ்வளவு சத்தமா உங்க மேல போட்டேன்.

நான் ஏன் டாக்டர்கிட்ட போகலைன்னா, பயம் இல்லை. அவருக்கு நான் சொன்ன மருந்தைத்தானே நானும் சாப்பிடணும்னு ஒரு பிடிவாதம். தண்டனைன்னு வச்சுக்கோங்க.

இதுக்கப்புறம் நீங்க எழுதலைன்னா புரிஞ்சுக்குவேன்.

❖

மே 2

பட்டாசு,

உன் கடிதம் வந்த அரை மணி நேரத்துல இதை எழுதறேன்.

எனக்குத் தெரியும்.

அன்னிக்குச் சாயங்காலம் அவர் உன்கிட்ட பேசறப்போ நான் பக்கத்துலதான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். போனை வச்சுட்டு, "பட்டாசு கேஸ்னு தீர்ப்பு சொல்லிட்டா, இனி அப்பீலே கிடையாது"ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். "ஒரு எட்டு டாக்டர்கிட்ட போயிட்டு வரலாமா?"ன்னு நான் கேட்டிருக்கலாம். கேட்கலை. அவரும் அம்பத்திமூணு வயசு மனுஷன், அப்பா எப்படிப் போனார்னு அவருக்குத் தெரியாதா? மூணு பேருமே கேஸ்னு நம்ப ஆசைப்பட்டோம்.

நீ கத்தினப்போ பதில் என் நாக்கு நுனிக்கு வந்துச்சு. உன் முகத்தைப் பார்த்தேன். கம்பெனியில நாற்பது பேர் இருக்காங்க, யார் தோள்ல வேணும்னாலும் சாஞ்சு அழுவேன். உனக்கு இருந்தது ஒரே ஒரு அண்ணன். அத்தனை பேர் முன்னாடி இதையும் உன் தலையில வச்சா நீ எழுந்திருக்கவே மாட்டேன்னு தோணுச்சு. முழுங்கிட்டேன்.

உடனே என்னைப் பெரிய மனுஷியாக்கிடாதே. கோபம் இருந்துச்சு. மூணு வருஷம் உனக்கு ஒரு வார்த்தை எழுதாம இருந்தேனே, அது கோபம் இல்லாம வேற என்ன?

தண்டனை எல்லாம் போதும். யாரும் உனக்குத் தீர்ப்பு எழுதலை. ஆறாம் தேதி காலை பஸ்ல வர்றேன். ரெண்டு வாரம் லீவு சொல்லியாச்சு. நீ கதவைத் திறக்கலைன்னா வாசல்ல உட்கார்ந்து சத்தம் போடுவேன். இப்ப எனக்கு மூச்சு நல்லாவே வருது.

அண்ணி

❖

ஜூன் 4

அண்ணி,

நீங்க ஊருக்குப் போய் ரெண்டு வாரம்தான் ஆச்சு, வீடு ரொம்பப் பெரிசாத் தெரியுது. ரெண்டு அறை வீடு இது.

நேத்து திரும்பப் போய்க் காட்டினேன். அடைச்சிருந்த ரத்தக்குழாய்ல ரெண்டு இடத்துலயும் வச்ச ஸ்டென்ட் ஒழுங்கா வேலை செய்யுதாம். "இன்னும் ரெண்டு மாசம் தள்ளியிருந்தா நீங்க இங்கே உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்க மாட்டீங்க"ன்னு டாக்டர் மறுபடி சொன்னார். அதை ஏன் ஒவ்வொரு தடவையும் சொல்றார்னு தெரியலை. "எங்க அண்ணிகிட்ட சொல்லுங்க, அவங்கதான் இழுத்துக்கிட்டு வந்தாங்க"ன்னேன். "ஓ, அந்த மட்டைக்காரம்மாவா?"ன்னார். நீங்க ஆஸ்பத்திரி நடையில செவுத்துல பந்தடிச்சு நர்ஸ்கிட்ட திட்டு வாங்கினது அவருக்கும் தெரிஞ்சிருக்கு.

உங்ககிட்ட நேர்ல சொல்ல வரலை, எழுதறேன். ஆபரேஷன் அறைக்குள்ள என்னைத் தள்ளிக்கிட்டுப் போனப்போ உங்க கையைப் பிடிச்சிருந்தேன், அந்த வலது கையை. கத்தரியைக்கூடப் பிடிக்க முடியாமப் போன கை, நாலு மாசத்துல என்னைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதேன்னு பார்த்தேன். அதுக்காக நீங்க எத்தனை காலையில எழுந்திருச்சிருப்பீங்க, எத்தனை பேர் முன்னாடி வெட்கத்தை விட்டிருப்பீங்கன்னு அப்பத்தான் உறைச்சுது. கடிதத்துல எல்லாத்தையும் வேடிக்கையா எழுதி ஏமாத்திட்டீங்க.

நானும் நடக்க ஆரம்பிச்சாச்சு. உங்களை மாதிரி ஏதாவது புதுசா கத்துக்கலாம்னு மவுத் ஆர்கன் வாங்கினேன். மூச்சுக்கு நல்லதாம். மேல் வீட்டுக்காரர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துட்டு, "உங்களுக்கு ஓவியம் வராதாம்மா?"ன்னு தன்மையாக் கேட்டார். ஆமைக் கதையைச் சொன்னேன்.

உங்கள்
பட்டாசு

❖

ஆகஸ்ட் 22

பட்டாசு,

நீ கடிதத்துக்குக் கடிதம் என்னைப் புகழறே. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ.

போன செவ்வாய்க்கிழமை ஆடிக்கிட்டிருந்தப்போ கை மரத்த மாதிரி இருந்துச்சு. மட்டையை வச்சுட்டு ஹாலுக்கு வெளியே ஓடிப் போய்ப் படியில உட்கார்ந்து, என் பேரு, தெரு, வேலை எல்லாத்தையும் சத்தமாச் சொல்லிப் பார்த்தேன், வாய் குழறுதான்னு. போறவங்க வர்றவங்க எல்லாம் பார்த்தாங்க. குழறலை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்கையில சுளுக்கு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். நான் எப்பவும் பயந்துக்கிட்டேதான் இருக்கேன், பட்டாசு. துணி வெட்டறப்போ, குளிக்கறப்போ, பந்து வர்றப்போ. பயம் போனதும் ஆடலாம்னு காத்திருந்தா பூங்கா வாசல்லயே நின்னிருப்பேன்.

இனி நல்ல சேதி. எடை எழுபத்தி ரெண்டு. பிரஷர் மாத்திரை பாதியாச்சு. எங்க ஹால்ல ரிட்டயர்ட் கணக்கு டீச்சர் ஒருத்தர், வயசு அறுபத்தேழு, பந்தைச் சுழட்டி விடறதுல பொல்லாத ஆள். நாலு மாசமா என்னைப் போட்டுத் தள்ளிக்கிட்டிருந்தார். போன வாரம் ஒரு ஆட்டம் அவரை ஜெயிச்சேன். மனுஷி ரெண்டு நாள் என்கூடப் பேசலை. மூணாவது நாள் வந்து, அக்டோபர்ல நடக்கிற அம்பது வயசுக்கு மேற்பட்டவங்க போட்டியில என் பேரைக் கொடுத்துட்டேன்னார்.

நீ வந்துடாதே. உனக்கு நீண்ட பயணம் இப்ப வேண்டாம். அதோட, நீ பார்த்தா எனக்குக் கை ஓடாது.

அண்ணி

❖

அக்டோபர் 15

அண்ணி,

வந்தேன். டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன், திட்டாதீங்க. ஆட்டம் முடிஞ்சதும் உங்களைச் சுத்திக் கூட்டம், அப்புறம் ராத்திரி வண்டியைப் பிடிக்கிற அவசரம். நாம கட்டிப்பிடிச்சு அழுததுலயே பாதி நேரம் போச்சு. அதனால மீதியை எழுதறேன்.

நான் கடைசி வரிசையில, தூணுக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். நீல பனியன் போட்டுக்கிட்டு நீங்க உள்ளே வந்தப்போ வேற யாரோன்னு நினைச்சேன். நடையே மாறிப் போயிருந்துச்சு. அந்த உயரமான அம்மா முதல் ஆட்டத்துல உங்களைக் கதிகலங்க வச்சாங்க. ரெண்டாவது ஆட்டத்துல ஒன்பதுக்கு ஒன்பது இருந்தப்போ நீங்க மட்டையை இடது கைக்கு மாத்தி, வலது கை விரலை ஒவ்வொண்ணா மடக்கிப் பார்த்தீங்க. மத்தவங்களுக்கு அது வியர்வை துடைக்கிற மாதிரி இருந்திருக்கும். நீங்க என்ன பார்க்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். அப்புறம் மட்டையைத் திரும்ப வாங்கி, அடுத்தடுத்து ரெண்டு பந்தை மேசை ஓரத்துல வச்சீங்க பாருங்க. நான் எழுந்து நின்னு என்ன கத்தினேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. நடுவர் என்னைப் பார்த்து விரலை உதட்டுல வச்சார். அப்பத்தான் நீங்க திரும்பிப் பார்த்தீங்க.

மூணாவது ஆட்டம் தோத்தது என்னாலதானோன்னு வண்டியில வர்றப்போ தோணுச்சு. இருந்துட்டுப் போகட்டும். தோத்த கையோட மேசையைச் சுத்திப் போய் அந்த அம்மாவுக்குக் கை கொடுத்துட்டு, என்னமோ சொல்லி அவங்களைச் சிரிக்க வச்சீங்களே, அது என்னன்னு அடுத்த கடிதத்துல எழுதுங்க.

இன்னொண்ணு. உங்ககிட்ட சொல்லாம வந்துட்டேன். நான் கத்தி முடிச்சு உட்கார்ந்ததும் பக்கத்துல இருந்த ஒரு அம்மா கேட்டாங்க, "அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"னு. அண்ணன் பெண்டாட்டின்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எங்க அக்கா"ன்னு வந்துச்சு. அந்த அம்மா உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "ஆமா, அதே ஜாடை"ன்னாங்க.

நான் திருத்தலை.

பட்டாசு